ஞாயிற்றுக்கிழமைச் சகாயராஜ்

திங்கள் முதல் வெள்ளி வரை சகாயராஜை விட மெதுவாக வண்டி ஓட்டுகிற ஆள் வடமதுரை வட்டாரத்திலேயே கிடையாது. அவருடைய மஞ்சள் நிற வேன் காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்குக் கிளம்பினால், பின்னால் வரும் மினிபஸ்காரர் ஆரனை அமுக்கி அமுக்கிக் கை வலித்துப்போய் விட்டுவிடுவார். வேனில் நாற்பதைத் தாண்டவிடாத ஸ்பீடு கவர்னர் மாட்டியிருக்கிறது. சகாயராஜ் அந்தக் கவர்னருக்கு ஒருநாளும் வேலை வைத்ததில்லை, முப்பத்தைந்திலேயே திருப்திப்பட்டுக்கொள்வார். ஸ்பீடு பிரேக்கரில் அவர் வேனை ஏற்றி இறக்குகிற பக்குவத்தில், கடைசி சீட்டில் தூங்குகிற எல்.கே.ஜி. பிள்ளை கண்கூடத் திறக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் இந்த மனிதரை நீங்கள் பார்க்க முடியாது. ஊரில் இல்லை என்று அர்த்தமில்லை. நாலுவழிச் சாலையில் உங்களைத் தாண்டித்தான் போயிருப்பார், பார்ப்பதற்குள் போயிருப்பார், அவ்வளவுதான்.

அவரிடம் நீலக் கலரில் ஒரு ஜப்பான் பைக் இருக்கிறது. நான்கு சிலிண்டர், அறுநூறு சிசி. கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் ஆசை ஆசையாக வாங்கி, குனிந்து ஓட்டி முதுகு பிடித்துக்கொண்டதில் வெறுத்துப்போய் விற்றது. சகாயராஜுக்கு அது வந்த கதை சுருக்கமானது. அப்பாவின் கடலைக் காடு நாலுவழிச் சாலைக்குப் போனது, வந்த பணத்தில் அவர் பங்குக்கு வேன் வாங்கினார், மிச்சத்தில் இதை வாங்கினார். யாராவது கேட்டால், "எங்கப்பன் கடலை போட்ட நெலத்து மேலதான்யா ஓட்டுறேன், எனக்கில்லாத உரிமையா?" என்பார்.

வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. உடனே பெரிய காதல் தோல்வி என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பெண் பார்த்தார்கள், தட்டிப்போனது. மறுபடி பார்த்தார்கள், மறுபடி தட்டிப்போனது. அதற்குள் பார்க்கிறவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைசியாக அம்மாவும் போனபின் ஓட்டு வீட்டில் அவரும், கொட்டகையில் வேனும், கூடத்தில் பைக்கும் என்று மூன்று பேர்தான் குடியிருந்தார்கள்.

பைக் வாங்கிய வாரமே அவர் ஒரு தப்புச் செய்தார். அதைத் தப்பு என்று நம் ஊர்ப் பக்கம் யாரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். சாமி பெயர் எழுதாத வண்டியை ரோட்டில் ஏற்ற நமக்கு மனசு வராது. வேனின் பின்பக்கம் பெரிய மஞ்சள் எழுத்தில் 'சகாய மாதா துணை' என்று எழுதி, இரண்டு பக்கமும் இரண்டு ரோஜாப் பூ ஒட்டியிருந்தார். அதையே பைக்கிலும் ஒட்டச் சொல்லித் திண்டுக்கல்லில் அதே ஸ்டிக்கர் கடைக்குப் போய் நின்றார்.

கடைக்காரர் பைக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இதுல எங்கண்ணே ஒட்டுறது? எடமே இல்லையே."

"பின்னாடி அந்த வாலு மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குதுல்ல, அதுல ஒட்டு. ரோஜாவையும் விட்றாத."

அப்புறம் பங்குச் சாமியாரிடம் மந்திரிக்கக் கொண்டுபோனார். சாமியார் தீர்த்தம் தெளித்தார், பைக்கை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார், "இதுக்கு ஒரு தடவை பத்தாது" என்று சொல்லி மறுபடியும் தெளித்தார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் காலைப் பூசை முடிந்ததும் தோல் உடுப்பு, கையுறை, கறுப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட் என்று ஆளே மாறிவிடுவார். ஐயலூர் தாண்டி, மணப்பாறை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினால் அந்த வாரத்துக்கான சந்தோஷம் கையில் இருக்கும். உடம்பு முழுக்க மூடியிருப்பதால் தன்னை யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் ரோஜாப்பூ ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போனதை மனிதர் யோசிக்கவே இல்லை.

மார்கழி மாத ஞாயிறு ஒன்றில் மாட்டிக்கொண்டார். வேனில் வரும் ஒரு சிறுமியின் அம்மா ஜீவிதா. அவர் குடும்பத்தோடு காரில் திருச்சி போய்க்கொண்டிருந்தவர், மலையில் இறங்கியிருந்த மேகத்தைப் போனில் வீடியோ எடுத்தார். நடுவில் 'உய்ங்' என்று ஏதோ ஒன்று குறுக்கே போனது. என்னவென்று பார்க்க வீடியோவை மெதுவாக ஓடவிட்டு நிறுத்தினார். மஞ்சள் எழுத்து, இரண்டு ரோஜா. தினமும் காலையில் தன் மகளைக் கூட்டிக்கொண்டு தெருமுனையில் திரும்புகிற அதே ரோஜா. அடுத்த நிமிடம் வீடியோ அம்மாக்களின் வாட்ஸப் குரூப்புக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை பெருமாள் கோயில் ஸ்டாப்பில் பிள்ளைகளை விட அம்மாக்கள் அதிகமாக நின்றார்கள்.

"அண்ணே, தெனம் எங்க பிள்ளைகள நம்பி ஒங்க கையிலதான் குடுக்குறோம்," என்றார் ஜீவிதா. "அந்தக் கைதானா இப்பிடி முறுக்குது?"

சகாயராஜ் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுகன்யா முன்னால் வந்தார். பத்திர ஆபீசில் வேலை பார்க்கிறவர், சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. அவருடைய மகள்தான் வேனில் தினமும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இடம் பிடிக்கிறவள்.

"அந்த வண்டி வேணாம்ணே," என்றார். "பொங்கல் லீவு முடியட்டும். அப்பவும் நீங்க அதை வச்சிருந்தா நாங்க வேற வேன் பாத்துக்கிறோம். எல்லாரும் பேசி எடுத்த முடிவு."

அன்று வேன் முப்பதில் போனது.

வேன் போனால் சோற்றுக்கு என்ன வழி என்பது ஒரு பக்கம். அதைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம், லோடு வண்டி ஓட்டலாம். ஆனால் காலையில் படியேறும்போதே 'அங்கிள், அங்கிள்' என்று ஆளுக்கொரு வழக்கைக் கொண்டுவருகிற அந்தப் பிள்ளைகள் இல்லாவிட்டால் விடிந்து எழுந்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சரி, பைக்கை விற்றுவிடலாம் என்றால் அதற்கும் மனசு கேட்கவில்லை. வாரம் பூராவும் இறுக்கிப் பிடித்திருக்கிற மனசு அந்த ஒரு காலையில்தான் அவிழ்ந்துகொள்கிறது. இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை.

மூன்றாம் நாள் டீக்கடை மலைச்சாமி வழி காட்டினார், தெரியாமல்தான். பொங்கல் விளையாட்டுப் போட்டியை வருசா வருசம் மைக் பிடித்து நடத்துகிறவர் மலைச்சாமி. பானை உடைத்தல், கோலப் போட்டி எல்லாம் உண்டு. ஆனால் கூட்டம் கூடுவது மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டிக்குத்தான். காலை ஊன்றக்கூடாது, பக்கக் கோட்டைத் தாண்டக்கூடாது, கடைசியாக வருகிறவருக்குப் பரிசு. இப்போது சைக்கிள் வைத்திருக்க ஆள் இல்லை என்பதால் இந்த வருசம் அதை மோட்டார் வண்டிக்கு மாற்றியிருப்பதாக மலைச்சாமி சொன்னார்.

சகாயராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எம்பேரை எழுதிக்கங்கண்ணே."

"எந்த வண்டிடா? வேனா?"

"இல்ல. நீல வண்டி."

மலைச்சாமி சிரித்த சிரிப்பில் வடைச் சட்டிப் பக்கம் நின்றவர் திரும்பிப் பார்த்தார். "ஏலே சகாயம், அது நிக்கிற எடத்துலேயே ஓடுற வண்டியாச்சேடா."

அதுதான் விசயம். அந்த மாதிரி பைக்கை வேகமாக ஓட்டுவது பெரிய காரியமில்லை, அது தானாகவே போகும். மெதுவாக ஓட்டுவதுதான் குதிரைக்கொம்பு. முதல் கியரிலேயே அது பாயப் பார்க்கும், ஹேண்டில்பார் பாதிதான் திரும்பும், கனம் வேறு. அதை எறும்பு மாதிரி ஊர வைத்துக் காட்டினால், தன் கைக்குள் எவ்வளவு நிதானம் இருக்கிறது என்று அந்த அம்மாக்கள் தெரிந்துகொள்வார்கள் என்று சகாயராஜ் கணக்குப் போட்டார். பொங்கல் வரும் வரை தினமும் சாயங்காலம் வேனை விட்டதும் களத்து மேட்டில் போய் ஊர்ந்து பழகினார்.

காணும் பொங்கல் அன்று ஊரே திடலில் இருந்தது. தோல் உடுப்பில் சகாயராஜ் வந்து இறங்கியதும் விசில் பறந்தது. அம்மாக்கள் ஒரு ஓரமாகக் கூடி நின்றார்கள். சுகன்யாவும் இருந்தார்.

கொடி அசைந்தது. ஸ்கூட்டரில் வந்த காலேஜ் பையன் கிளம்பிய இடத்திலேயே காலை ஊன்றினான். எக்ஸெல் மொபெட்டில் வந்த கருப்பணன், பூ மூட்டை ஏற்றிப் பழகியவர், நன்றாகத்தான் வந்தார், மச்சினன் கூப்பிட்டான் என்று திரும்பிப் பார்த்துக் கோட்டுக்கு வெளியே போய்விட்டார். சகாயராஜ் பாதிக் கிளட்ச்சைப் பிடித்து, பின் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டு, தரையைப் பார்க்காமல் தூரத்துப் புளியமரத்தையே பார்த்தபடி ஊர்ந்தார். இன்ஜின் விசிறி சுற்றி வெக்கையைத் தொடையில் கொட்டியது. கிளட்ச் பிடித்த விரல்கள் மரத்துப்போயின. வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை ஏது?

"நீல வண்டி வருதா, இல்ல தூங்கிருச்சா?" என்று மலைச்சாமி மைக்கில் கேட்டார். திடல் சிரித்தது. எல்லாரும் வந்து சேர்ந்து, தண்ணீர் குடித்து, முகம் கழுவிய பிறகு சகாயராஜ் எல்லைக் கோட்டைத் தொட்டார். பரிசாக ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள்.

குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராகச் சுகன்யாவிடம் போனார். "பாத்தியாம்மா?"

"பாத்தேன்ணே. நல்லா ஓட்டுனீங்க. ஒங்க கை மேல எனக்கு என்னைக்குமே சந்தேகம் இல்ல."

சகாயராஜுக்குக் குழப்பமாகிவிட்டது. "பெறகு எதுக்கும்மா வேற வேன் பாக்குறேன்னு சொன்ன?"

"ஞாயித்துக்கெழமை ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, திங்கக்கெழமை காலையில எம்பொண்ணுகிட்ட நான் என்னண்ணே சொல்லுவேன்?"

எதைக் கேட்டாலும் பதில் சொல்லத் தயாராக வந்திருந்தார். இதை மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை. தான் விழுந்தால் அது தன்னோடு முடிந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"வித்துரவாம்மா?" என்று கேட்டார். குரல் இறங்கிப்போயிருந்தது.

சுகன்யா பைக்கைப் பார்த்தார். குடத்தோடு நிற்கிற மனிதரைப் பார்த்தார். "வித்துட்டு ஞாயித்துக்கெழமை என்ன பண்ணுவீங்க?"

சகாயராஜ் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினார்.

"தெனம் கடைசிப் பிள்ளைய எறக்கிவிட்டதும் குரூப்புல ஒரு வரி போடுறீங்கள்ல, எல்லாரும் வீடு சேந்தாச்சுன்னு. அதே மாதிரி ஞாயித்துக்கெழமை நீங்க வீடு வந்து சேந்ததும் போடுங்க. அம்புட்டுதான்."

"நான் நிதானமா வீடியோ எடுக்குற வேகத்துல போங்க," என்று ஜீவிதா சேர்த்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு சகாயராஜ் மணப்பாறை போனார், டீ குடித்தார், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒழுங்காகத் திரும்பினார். வீட்டுக்கு வந்து பைக்கைக் கூடத்தில் ஏற்றினார். உடுப்பைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கிணற்றடியில் ஆற அமரக் குளித்தார். குரூப் என்று ஒன்று இருப்பதே ஞாபகத்தில் இல்லை. வீடு வந்ததைச் சொல்ல ஆளில்லாமல் இருந்து பழகிவிட்ட மனிதருக்கு அது எப்படி ஞாபகம் வரும்?

தலையைத் துவட்டும்போது வாசலில் ஒரு எக்ஸெல் வந்து சாய்ந்து நின்றது. மலைச்சாமி. வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார்.

"இருக்கியாடா?" என்றார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "ஏலே, ஒன்னையத் தேடி ஐயலூர் வரைக்கும் போயிட்டு வாரேன். பாலத்தடி, பள்ளம் எல்லாம் எறங்கிப் பாத்தேன். ஞாயித்துக்கெழமை யாவாரத்தை விட்டுட்டு."

"எதுக்குண்ணே?"

"எதுக்கா? அந்த அம்மாக்க கடைக்கே வந்துருச்சுக. போன் போட்டா எடுக்க மாட்டேங்குறாருன்னு. போன எங்கடா வச்ச?"

உடுப்பின் பையில் சத்தமில்லாமல் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் திரை முழுக்கத் தவறிய அழைப்புகள். சுகன்யா, ஜீவிதா, சுகன்யா, யாரோ ஒரு அப்பா, மறுபடி சுகன்யா. சகாயராஜ் திருப்பி அழைத்தார். மணி அடிக்குமுன் எடுத்துவிட்டார் சுகன்யா.

"எங்கண்ணே இருக்கீங்க?"

"வீட்லம்மா. வந்து... குளிச்சிட்டேன்."

அவர் போனை விலக்கிப் பிடித்து யாரிடமோ சொல்வது கேட்டது. "அங்கிள் வந்துட்டாராம்டி. உள்ள வா, வந்து சாப்டு." மறுபடி போனில் வந்து, "வாசல்லயே உக்காந்திருந்தாண்ணே," என்றார். குரலில் கோபம் இருந்தது. "நீங்க சாப்டீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தார். ஈரத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மலைச்சாமி பார்க்காத மாதிரி எழுந்துபோய்த் தன் வண்டி டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு வாசலில் வண்டியை நிறுத்திய சகாயராஜ் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, இன்ஜினைக்கூட அணைக்கவில்லை. வலது கையுறையை இடது கையால் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, முதலில் போனைத் தேடினார்.