சந்தனம் செய்த மீன்தொட்டி விளக்கு

செத்த எல்.இ.டி பல்பைக் கையில் எடுத்தால் சந்தனம் முதலில் அதைக் காதோரம் கொண்டுபோய் ஆட்டிப் பார்ப்பான். உள்ளே ஏதாவது உருளுகிற சத்தம் கேட்டால் கீழே போட்டுவிடுவான். சத்தம் கேட்காதது அவன் சட்டைப் பைக்குள் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடை வாசலில் இருக்கும் கழிவுப் பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து ஒரு மணி நேரம் இப்படிப் பொறுக்குவான். “எல்லாமே சாகல அண்ணாச்சி. உள்ள வெளிச்சம் விடுற இருபது முத்துல ஒண்ணுதான் கருகியிருக்கும். ஒண்ணு போனா மத்ததும் எரியாம மொறச்சுக்கிட்டு நிக்குது, அம்புட்டுத்தான்” என்பான்.

சின்னக்கானலில் கரண்ட் சாமான் கடை என்றால் என்னுடையதுதான். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தேயிலைக் காட்டில் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கையால் வயர் இழுக்கக் கற்றுக்கொண்டு, இந்தப் பக்கத்து ரிசார்ட்டுகளில் பாதிக்கு விளக்குப் போட்டேன். படித்த இஞ்சினியர்கள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். ஆகவே ஒருவனைக் கைவேலை தெரிந்தவன் என்று நான் சொன்னால் அது லேசில் வருகிற சொல் அல்ல. சந்தனத்தைச் சொல்கிறேன்.

வயது ஐம்பத்து நாலு. டீ ஃபேக்டரி மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் வேலை. வாடிய கொழுந்தை ஒரு கை அள்ளி, உருட்டி, இறுக்கிப் பிடித்து விரலைத் திறப்பான். உருண்டை எவ்வளவு நிதானமாக விரிகிறது என்று பார்த்துப் பதம் சொல்வான். ஈரம் காட்டுகிற மிஷின் அங்கே உண்டு. மிஷின் சொன்ன பிறகும் ஆபீசர் இவன் முகத்தைப் பார்ப்பார். ஸ்வெட்டருக்கு மேலே சட்டை போடுகிறவன் இந்த மலையில் இவன் ஒருவன்தான். பை வெளியே இருந்தால்தான் டெஸ்டர் எடுக்கத் தோதாம். டீ குடிக்க மாட்டான். “நாள் பூரா மோந்தாச்சு அண்ணாச்சி, வயிறு ரொம்பிப் போச்சு.”

அவன் சம்சாரம் சின்னத்தாயி முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவள். சர்க்கரை வந்து கண்ணில் கை வைத்துவிட்டது. தேனியில் மூன்று முறை லேசர் அடித்தார்கள். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆள் வந்தால் உருவம் தெரியும், முகம் தெரியாது. வெளிச்சம் நேராகக் கண்ணில் பட்டால் எல்லாம் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிடும். காட்டு வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அவன் ஃபேக்டரிக்குப் போனால் திரும்பி வருகிறவரை எஸ்டேட் வரிசையில் இருக்கிற லயத்து வீட்டில் அவள் தனி. ஒரே ஜன்னல்; மழைக்காலத்தில் பட்டப்பகலிலும் மூடுபனி அதை அடைத்துக்கொள்ளும்.

அந்த வீட்டில் இரண்டரை அடியில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. மூடிப்போன ரிசார்ட்டிலிருந்து கிடைத்தது. அதில் ஆறு கோல்டு ஃபிஷ். அவளாகப் பார்த்துப் பார்த்து வாங்கியவை. பகலெல்லாம் அவள் பேச்சு அவற்றோடுதான். போன வைகாசியில் ஒரு நாள், “மீனெல்லாம் எங்கங்க போச்சு, தண்ணி மட்டுந்தான கெடக்கு” என்று கேட்டிருக்கிறாள். ஆறும் அவள் மூக்குக்கு எதிரே நீந்திக்கொண்டிருந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தனம் என் கழிவுப் பெட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான்.

தொட்டிக்கு மேலே டியூப்லைட் போட்டால் அவள் கண் கூசுகிறது. அதனால் வெளிச்சம் தண்ணீருக்குள் மட்டும் விழ வேண்டும், வெளியே ஒரு பொட்டும் சிந்தக் கூடாது. பக்கவாட்டில் தள்ளுகிற கதவு ஓடும் அலுமினியச் சட்டம் ஒன்றை வாங்கி, கவிழ்த்துப் போட்டு, அதன் பள்ளத்துக்குள் முத்துகளைத் தகட்டோடு வரிசையாக முடுக்கி வயர் பற்றவைத்தான். சட்டத்தின் இரண்டு பக்க உதடும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டது. இந்த யோசனை எனக்கே வந்திருக்க வேண்டியது. வரவில்லை.

ரிசார்ட் வயர்மேன் ஜிஜோ கடைக்கு வந்தால் இவனைச் சீண்டாமல் போக மாட்டான். “சந்தனம் சேட்டா, மீனுக்குக் கரண்ட் கொடுத்து வறுக்கப் போறீங்களோ? மசாலா நான் கொண்டு வரட்டா?”

“நீ கொண்டாறது இருக்கட்டும். நீ மாட்டின லைட்டு நேத்து கெஸ்ட் தலையில விழுந்துச்சாமே, அத மொதல்ல போய்க் கழட்டு.”

ஜிஜோ அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

முதலில் நீல முத்து போட்டான். “மீனு கருவாடு மாதிரி ஆயிருச்சு அண்ணாச்சி.” பிறகு மஞ்சள். மீனும் தண்ணீரும் ஒரே நிறம். பின்னாடிக் கண்ணாடிக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, வெள்ளை முத்து பத்துக்குச் சிவப்பு மூன்று என்று மாற்றினான். ஒவ்வொன்றுக்கும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “தெரியுதா?” என்று கேட்பான். “தெரியுதுங்க” என்பாள். எதைப் போட்டாலும் தெரியும் என்றாள். ஒரு நாள் அவளுக்குச் சொல்லாமல் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேட்டிருக்கிறான். “அழகா ஓடுதுங்க” என்றாளாம்.

அதைக் கடையில் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். “கங்காணி கண்ண மறைச்சு முத்தல் இலையக் கூடைக்கடியில தள்ளுனவ அண்ணாச்சி. என்னைய ஏமாத்த அவளுக்குச் சொல்லியா தரணும்?” சொல்லிவிட்டு அன்றைக்கு ஒரு பல்பும் எடுக்காமல் போய்விட்டான்.

முத்து அதிகம் எரிந்தால் சூடு ஏறும். அந்தச் சூட்டை அலுமினியம் வாங்கிக்கொள்ள வேண்டுமானால், முத்து உட்காருகிற தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே அதற்கென்று உள்ள பேஸ்ட் தடவ வேண்டும். சந்தனம் வந்து கேட்டான். கடையில் அது இல்லை. ஒரு சாமான் இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமும் இல்லை. “கெட்டியா எதையாவது தடவுடா, சூடு எறங்குனாப் போதும்” என்றேன்.

எங்கள் மலையில் ஆடியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாய் உறைந்துவிடும். அடுப்போரம் வைத்துத்தான் தலைக்குத் தேய்க்க முடியும். காலையில் ஸ்பூனால் தோண்டினால் வெள்ளை வெளேர் என்று, பேஸ்ட் கெட்டது போங்கள். அதைத்தான் ஒவ்வொரு தகட்டுக்கும் அடியில் வழித்து அப்பியிருக்கிறான். எண்ணெயிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது உருகும் என்று தெரியாதா? தெரியும். கெட்டியாக எதையாவது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டாரே, அதற்கு அப்பீல் உண்டா.

விளக்கு ஒரு மணி நேரம் எரிந்தது. சட்டம் சூடானது. கண்டுபிடித்தவள் சின்னத்தாயிதான். “ஏங்க, யாருக்கு எண்ணெ தேய்க்கிறீக? வீடெல்லாம் வாசம் அடிக்குது?” சொட்டுச் சொட்டாக இறங்கிய எண்ணெய் தண்ணீர் முழுக்க ஆடை கட்டிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு மூச்சுக்குத் தவித்தன. சந்தனம் பழைய மலையாளப் பேப்பரைத் தாள் தாளாகத் தண்ணீர் மேல் விரித்து விரித்து எடுத்தான். எண்ணெய் தாளில் ஏறிக்கொண்டது. ஆனாலும் இரண்டு போய்விட்டன.

“ரெண்டு செத்துப்போச்சு” என்று அவளிடம் சொல்லிவிட்டான்.

“நாலு கெடக்குல்ல, விடுங்க” என்றாளாம்.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. ஃபேக்டரி வாசலில் போய்ப் பிடித்தேன். “வேணாம் அண்ணாச்சி. தெரியுதுன்னு அவ சொல்லுறா. நானும் நம்பிட்டுப் போறேன்” என்றான். நான் வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லை. எழுபத்தொரு வயதில் எனக்கு இப்படி ஆவது அபூர்வம். பஸ் டிரைவரிடம் சொல்லி போடியிலிருந்து அந்த பேஸ்டை வரவழைத்தேன். தொட்டி அளவுக்கு ஒரு கண்ணாடிப் பலகையும் அறுத்தேன், விளக்குக்குக் கீழே போட்டால் எது உருகினாலும் தண்ணீரில் விழாது. கடை வைத்த இத்தனை வருஷத்தில் ஒரு சாமானை ஆள் வீட்டுக்கு நானே சுமந்துகொண்டு போனது அதுதான் முதல் தடவை.

வாங்கிக்கொண்டான். முத்துத் தகடுகளைக் கழற்றித் துடைத்து, புதுப் பேஸ்டைக் கடுகளவு வைத்துத் திரும்ப முடுக்கி, கண்ணாடிப் பலகையை அடியில் போட்டான். சுவிட்சைப் போட்டுவிட்டுப் புறங்கையைச் சட்டத்தின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான், கொழுந்துக்குப் பதம் பார்க்கிற அதே முகம். அரை மணி நேரம் போனது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத பனி. சின்னத்தாயி தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். தெரிகிறதா என்று கேட்க நான் வாயெடுத்தேன். சந்தனம் என் முழங்காலை அழுத்தினான். அவனும் கேட்கவில்லை.

அவள் கை நின்றது. தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

“ஏங்க, இந்தக் கீழ் மூலையில பச்சையா அப்பியிருக்கே, பாசியா? எம்புட்டு நாளா இப்படிக் கெடக்கு? ஆளு வந்துபோற வீட்ல தொடச்சு வைக்க மாட்டீகளா? அண்ணாச்சி என்ன நெனப்பாரு?”

அந்தப் பாசியைப் பற்றி அவளிடம் யாரும் சொன்னதில்லை. நானே அப்போதுதான் கவனித்தேன்.

சந்தனம் விளக்கையும் கண்ணாடிப் பலகையையும் ஓரமாக நகர்த்தினான். ஸ்வெட்டரையும் சட்டையையும் சேர்த்து முழங்கைக்கு மேலே சுருட்டினான். நார்த் துணியை எடுத்து, அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குள் முழங்கை மூழ்கக் கையை விட்டான். மேலிருந்து கீழே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கண்ணாடி முழுவதையும் நிதானமாகத் துடைத்தான். அவள் கண்டுபிடித்த அந்தக் கீழ் மூலையை மட்டும் விட்டுவிட்டான்.