எனக்கில்லாத நோய்க்கு ஊரே ஜெபித்தது

கொரோனா ஓய்ந்து பள்ளிக்கூடங்கள் திறந்த மறு வருடம் நடந்தது இது. பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். கணவர் மஸ்கட்டில். வீட்டில் நானும், பத்தாம் வகுப்பு முடித்திருந்த மகளும், மாமியாரும். அப்போது எனக்கு நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு மார்பு மிகவும் பெரிது. இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் நடந்த கூத்தில் பாதிக்கு இந்தக் கூச்சம்தான் காரணம் என்பதால், இங்கேயாவது கூசாமல் எழுதலாம் என்று இருக்கிறேன்.

அதில் என்ன பெரிய கஷ்டம் என்று கேட்பவர்கள், இரண்டு தேங்காயைத் துணியில் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதிப் பார்க்கலாம். பிராவின் பட்டை அழுத்தி அழுத்தி என் இரண்டு தோளிலும் பள்ளம் விழுந்துவிட்டது. பட்டைக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போவேன். கழுத்து வலி விரல் நுனி வரை இறங்கி மரத்துப் போகும். சித்திரை வெயிலில் மார்புக்கு அடியில் வேர்த்து, புண்ணாகி, பவுடரும் களிம்புமாகக் காலம் போகும். பஸ்ஸில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நிற்பேன். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் எல்லாரும் புழுக்கம் என்று திட்டுகிற அந்த வெள்ளை அங்கி எனக்கு மட்டும் ரொம்பப் பிடிக்கும். அதற்குள் யாரும் யாராகவும் இருக்கலாம்.

கழுத்து வலிக்கு எத்தனையோ மாத்திரை, எத்தனையோ பயிற்சி. கடைசியில் ஒரு எலும்பு டாக்டர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். கோளாறு கழுத்தில் இல்லை, அது சுமக்கிற பாரத்தில்தான் இருக்கிறது, பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்கள் என்றார். எங்கள் பக்கம் பெரிய வைத்தியம் என்றால் எல்லாரும் திருவனந்தபுரத்துக்குத்தான் ரயிலேறுவார்கள். நானும் ஏறினேன்.

டாக்டர் நல்ல மனிதர். பக்கத்தில் ஒரு நர்ஸை நிறுத்திக்கொண்டு, தோள் எலும்பிலிருந்து நாடாவால் அளந்தார். முகம் தெரியாமல் படம் எடுத்தார்கள். எடை ஏறி இறங்குகிறதா, சர்க்கரை உண்டா, இனிமேல் பிள்ளை பெறுகிற எண்ணம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு எதையும் ஒளிக்காமல் சொன்னார். முலைக்காம்பைச் சுற்றியும், அங்கிருந்து கீழே நேராகவும், அடி மடிப்பிலும் தையல் வரும். தழும்பு நாளாக ஆக மங்கும், ஆனால் மறையாது. காம்பில் உணர்ச்சி குறையலாம், போய்விடவும் கூடும். அபூர்வமாக அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கெட்டுப்போவதும் உண்டு. இரண்டு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருக்காது. ரத்தநீர் வடிய சில நாள் குழாய் இருக்கலாம். பல வாரம் பாரம் தூக்கக் கூடாது. வெட்டி எடுக்கிற சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவோம், அது வழக்கம்தான், பயப்பட வேண்டாம் என்றார்.

பயப்பட வேண்டாம் என்று ஒரு டாக்டர் சொன்னால் எனக்கு அங்கேயே பயம் பிடித்துக்கொள்ளும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேடிக்கண்டா டீச்சரே, அவசரமும் வேண்டா. ஆலோசிச்சிட்டு வந்தா மதி" என்று, யோசித்துவிட்டு வந்தால் போதும் என்பதை மலையாளம் கலந்து சொல்லிச் சிரித்தார். ஆலோசித்தேன். பகலில் ஆலோசித்தேன், இட்லி அவிக்கும்போது ஆலோசித்தேன், விடைத்தாள் திருத்தும்போது ஆலோசித்து ஒரு பிள்ளைக்குத் தப்பாக மார்க் போட்டேன். மயக்க மருந்தில் விழிக்காமல் போனால்? காம்பு கறுத்துப் போனால்? இதெல்லாம் தேவையா என்று கணவர் மனதுக்குள் நினைத்தால்? போனில் அவர், "ஒனக்கு வேதனை எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது, நீயே முடிவெடு" என்றார். நல்ல பதில்தான். ஆனால் என்னைத் தனியாக நிறுத்திய பதில்.

மாமியாரிடம் சொன்னேன். முதலில் முகம் சுளித்தார். "கடவுள் தந்தத வெட்டிப் போடவா போற?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, கழுத்து வலியில் நான் படுத்திருந்தபோது எண்ணெய் தேய்த்துவிட வந்தார். தோளில் இருந்த பள்ளத்தில் அவர் விரல் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். "செய்யி மக்ளே. ஆனா ஊருல ஒருத்திட்டயும் சொல்லாண்டாம்" என்றார். கோடை விடுமுறையில் நாள் குறித்தாயிற்று. அதற்கு முன் மார்பகத்தைப் படம் எடுத்துப் பார்த்ததில் கட்டி கிட்டி ஒன்றும் இல்லை என்றும் வந்தது.

ஊரில் சொல்ல வேண்டாம் என்று சொன்ன அதே மாமியாரால்தான் அடுத்தது நடந்தது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் சபையில் பல் பிடுங்கப் போனால்கூட ஜெபக் குறிப்பு கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். மருமகள் உடம்பில் கத்தி படப்போகிறது, ஜெபம் இல்லாமல் எப்படி அனுப்புவது? பெண்கள் சங்கத்தில் போய், "மருமவளுக்கு மாருல ஒரு ஆப்பரேசன், திருவனந்தபுரத்துல. ஜெபிச்சுக்கிடுங்க" என்றிருக்கிறார். எதற்கான ஆபரேஷன் என்று சொல்ல வெட்கப்பட்டு அதோடு நிறுத்திவிட்டார். எங்கள் பக்கம் மார்பில் ஆபரேஷன், அதுவும் திருவனந்தபுரத்தில் என்றால் ஒரே அர்த்தம்தான், புற்றுநோய்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. நான் அங்கி போட்டுக்கொண்டு பாடகர் குழுவோடு எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வியாதியஸ்தருக்கான ஜெபத்தில் ஆயர் என் பெயரை வாசித்தார். நம் பாடகர் குழு சகோதரி அறுவை சிகிச்சைக்குப் போகிறார், குடும்பத்துக்கு ஆண்டவர் பெலன் தரும்படி ஜெபிப்போம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது. நான் தலை தூக்கிப் பார்த்தால் அத்தனை கண்ணும் என் மேல். அடுத்து வந்த பாட்டில் எனக்குக் குரலே எழும்பவில்லை. அதையும் அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கியது. ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒரு குலை நேந்திரம்பழம். வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "பொம்பளப் பிள்ளைய நெனச்சுக் கலங்காத" என்றார் ஒருவர். இல்லை, எனக்கு அந்த நோய் இல்லை என்று சொல்ல வாயெடுப்பேன். அப்படியென்றால் எதற்கு ஆபரேஷன் என்ற கேள்வி வருமே என்று வாயை மூடிக்கொள்வேன். மாமியார் அடுக்களையை விட்டு வெளியே வரவே இல்லை. மகளுக்கு உண்மை தெரியும். ஆனாலும் யாரோ தலையைத் தடவி, "அம்மைக்குத் தொணையா இருந்துக்கிடு" என்று சொல்லப்போக, அவளும் பயந்துபோய், "டாக்டர் எல்லாத்தையும் சொன்னாரா, இல்ல என்கிட்ட மறைக்கிறியா?" என்று கேட்டாள்.

அவள் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இத்தனை பேர் வாயில் விழுந்தது பலித்துவிட்டால்? குளியலறையில் நின்று விரலால் தடவித் தடவிக் கட்டி தேடினேன். வெட்டி எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவோம் என்று டாக்டர் சொன்னது வேறு மாதிரி காதில் ஒலித்தது. இல்லாத நோய்க்கு இத்தனை பேர் கண்ணீரை வாங்கிய எனக்குத் தண்டனையாக அது வந்தே தீரும் என்று மனம் அடித்துச் சொன்னது. கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள்தான் நான். பயம் வந்தால் கணக்கெல்லாம் எங்கே நிற்கிறது?

ஆபரேஷனே வேண்டாம் என்று முடிவு செய்தேன். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுவது என்று இருந்த அன்று சாயங்காலம்தான் அவள் வந்தாள்.

எங்கள் சபையில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. என்னைவிட ஏழெட்டு வயது இளையவள், ஒரு வங்கியில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு புற்றுநோயில் ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். முடி உதிர்ந்து, திரும்ப முளைத்து, அப்போதுதான் பழையபடி நடமாடத் தொடங்கியிருந்தாள். ஊரில் யார் வந்தாலும் சமாளித்துவிடலாம், இவள் மட்டும் வந்துவிடக் கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். நோயில் பறிகொடுத்தவள் முன்னால், நன்றாக இருப்பதை வெட்டிப்போடப் போகிற நான் எந்த முகத்தோடு நிற்பது?

அவள் அழவில்லை. ஆப்பிளும் கொண்டுவரவில்லை. பையிலிருந்து முன்பக்கம் பொத்தான் வைத்த ஒரு நைட்டியை எடுத்தாள். உள்பக்கம் இடுப்புக்கு நேராக ஒரு பை தைத்திருந்தது. "அக்கா, கொஞ்ச நாளைக்கு கை தூக்க முடியாது. தலைவழியா போடுத உடுப்பெல்லாம் உள்ள எடுத்து வச்சிருங்க. இந்தப் பைக்குள்ள குழாய்க்க பாட்டில வச்சிக்கிடலாம். எனக்கு ஆரும் சொல்லித் தரல்ல, சேப்டி பின் குத்திக்கிட்டு அலைஞ்சேன்" என்றாள். எந்தப் பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும், வாந்தி வந்தால் எதை வாயில் போட வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனாள். எனக்காக உட்கார்ந்து தைத்திருக்கிறாள். இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்கு அது இல்ல மக்கா" என்று உடைந்துவிட்டேன். கழுத்து வலி, தோள் பள்ளம், பாரம் குறைக்கிற ஆபரேஷன் எல்லாவற்றையும் தலை குனிந்தபடி கொட்டினேன். நல்லா இருக்கியதத்தான் வெட்டப் போறேன், என்னை மன்னிச்சிரு என்றும் சொன்னேன்.

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"அப்போ கேன்சர் இல்லியா?"

"இல்ல."

"டெஸ்ட் எடுத்துப் பாத்தியளா? உள்ளதச் சொல்லுங்க, இல்லியா?"

எடுத்துப் பார்த்தாயிற்று, நோய் இல்லை என்றேன். "தோத்திரம் ஆண்டவரே" என்றாள். அதுவரை அழாதவள் என் மடியில் தலையைப் போட்டு ஏங்கி ஏங்கி அழுதாள். "ஞாயித்துக்கிழமையில இருந்து உறக்கமே இல்லக்கா. இன்னொருத்தியும் இந்தப் பாடு படணுமான்னு நெனச்சு வெப்ராளமா இருந்து" என்றாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது அவளுக்கு. அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமியாரும் அழுதுகொண்டிருந்தார்.

என் மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல என்னைப் பார்த்தாள்.

"எதுக்குக் கோவம்? எனக்குப் போனது ஒங்களாலயா போச்சு?"

ஆபரேஷனை வேண்டாம் என்று வைக்கப் போவதையும் சொன்னேன். அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "பயமா இருந்தா விடுங்க. வேண்டாம்னு தோணினா விடுங்க. எனக்காவ விடாண்டாம் கேட்டியளா" என்றாள். காலையில் நான் போன் பண்ணவில்லை.

பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆபரேஷன் அன்று காலை டாக்டர் என்னை நிற்க வைத்துப் பேனாவால் கோடு போட்டபோது நர்ஸின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். மாமியாரோடு அவளும் லீவு போட்டுவிட்டு வந்து வெளியே உட்கார்ந்திருந்தாள். விழித்தபோது நெஞ்சில் கட்டு, நெருப்புப் பட்டதுபோல எரிச்சல், ஒரு பக்கம் குழாய். அதைவிடக் கொடுமை சதைப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்த நாட்கள். தினமும் அவள் போன் செய்வாள். அதைப் பற்றி மட்டும் இருவரும் பேச மாட்டோம். முடிவில் ஒன்றும் இல்லை என்று வந்ததும், கணவருக்குச் சொல்வதற்கு முன் அவளுக்குத்தான் சொன்னேன்.

சங்கத்துப் பெண்களிடம் மாமியாரே போய் உண்மையைச் சொல்லிவிட்டார். அதுக்கா இந்த ஜெபம் என்று உதட்டைப் பிதுக்கியவர்களும் உண்டு. தனியாக வந்து, குரலைத் தாழ்த்தி டாக்டர் விவரம் கேட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு. தழும்பு இப்போதும் இருக்கிறது. இடது பக்கம் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. அதற்கு வருத்தமும் உண்டு. ஆனால் கழுத்து வலி இல்லாமல் கரும்பலகையின் கடைசி வரி வரை எழுதுகிறேன்.

அவளுடைய வேதனைக்கு முன்னால் என் வேதனையைச் சொல்லவே எனக்கு உரிமை இல்லை என்று நான்தான் கூனிக் குறுகி நின்றேன். அவளோ, எனக்கு அந்த நோய் இல்லை என்று கேட்டதும் சந்தோஷத்தில் அழுதாள்.