நாலாவது கை

புவெனஸ் ஐரிஸுக்குத் தெற்கே தண்டவாளத்தின் இருபுறமும் ஆலைகள்தான். தலைநகரம் உடுத்துவது, தின்பது, உட்காருவது எல்லாம் இங்கே தயாராகிறது. நாற்றம் மட்டும் நமக்கு. விடியற்கால ரயிலில் சீட்டாடுகிறவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பவே மாட்டார்கள். தோல் பதனிடும் வாடை அடித்தால் லானூஸ், சுட்ட எனாமல் என்றால் ஹெர்லி. மூக்கே போதும்.

எவாரிஸ்தோ முப்பது வருடம் ஹெர்லியில் இறங்கினார். எனாமல் பாத்திர ஆலையில் சூளை வேலை. மார்ச்சில் கோடை முடிந்ததும் ஆலையை இழுத்து மூடிவிட்டார்கள். மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளையும் கிடையாது. மறுநாளும் அவர் முகம் மழித்து, சாப்பாட்டுப் பையோடு ரயிலேறினார். ஹெர்லியில் இறங்கி, மேம்பாலம் ஏறி, எதிர் நடைமேடையில் திரும்பும் ரயிலுக்கு நின்றார். மூன்று மாதமாக இதுதான் பிழைப்பு.

எல்லாம் சீட்டாட்டத்துக்காக. த்ருக்கோ ஆட நான்கு கை வேண்டும். வேலை போனது கூட ஆடுகிறவர்களுக்குத் தெரிந்தால், "இனிமே எதுக்கு பெருசு இந்த நேரத்துல எந்திரிக்கிற, நல்லா தூங்கு" என்று அன்பாகவே சொல்லி, அடுத்த பெட்டியிலிருந்து ஒருவனை அவர் இடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்த அன்புக்குத்தான் பயந்தார்.

அவருடைய ஜோடி தெல்மா, பிஸ்கட் ஆலைக்காரி. எதிரெதிரே உட்கார்ந்து முகத்தால் பேசிக்கொள்வார்கள். புருவத்தை உயர்த்தினால் எல்லாச் சீட்டுக்கும் மேலான வாள் ஏஸ் கையில் இருக்கிறது. கண்ணை மூடினால் வெறுங்கை. எதிராளியிடம் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம், ஆட்டமே அதுதான். ஜோடிக்குக் காட்டும் சைகையில் மட்டும் பொய் கூடாது. மனைவி போனபின் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தவள் தெல்மா ஒருத்திதான். அதுவும் சீட்டுக்காக.

ஜூன் மாதக் குளிரில் ஒரு நாள், லானூஸ் தாண்டியதும் எதிராளி குண்டன் ஆபெல் மூக்கை உறிஞ்சினான்.

"என்ன பெருசு, ஒங்க சூள வாடையே காணோம்? எனக்குத்தான் மூக்கடைப்புன்னு நெனச்சேன்."

"ரிப்பேரு. உள்ள செங்கல் மாத்துறாங்க."

"மூணு மாசமாவா? சூளையா, சர்ச்சா?" என்று ஆபெலின் ஜோடி ரூபென் சிரித்தான்.

"த்ருக்கோ!" என்று ஆட்டத்தின் பெயரையே கூவி, பந்தயத்தை ஏற்றிச் சவால் விட்டான் ஆபெல்.

ஏற்பதா, விடுவதா? தெல்மா அவர் முகத்தைப் பார்த்தாள். எவாரிஸ்தோ கண்ணை மூடினார். மூடியவர் திறக்கவேயில்லை.

"விட்டுட்டோம்" என்றாள் தெல்மா.

ஆபெல் எட்டி அவர் சீட்டைப் புரட்டினான். "அட கிறுக்கா! வாள் ஏஸ வெச்சுக்கிட்டா கண்ண மூடுன?"

தெல்மா அந்தச் சீட்டைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். ஹெர்லி வந்தது. பையை எடுத்து எழப்போனவரின் கையைப் பிடித்தாள்.

"ஒக்காரு பெருசு. அங்கதான் ஒண்ணும் இல்லையே."

யாரும் சிரிக்கவில்லை. ஆபெல் குனிந்து, கலையாத சீட்டையே அடுக்கிக்கொண்டிருந்தான். எவாரிஸ்தோவுக்கு அவமானத்தில் காது சுட்டது. அவ்வளவுதான், தன் இடம் போயிற்று என்று நினைத்தார்.

அடுத்தது அவெசனெடா, மூவரும் இறங்கும் இடம். தெல்மா சீட்டுக்கட்டை ரப்பர் போட்டு அவர் கையில் திணித்தாள். அது அவளுடைய கட்டு. யாரையும் தொட விடமாட்டாள்.

"இனிமே இது ஒங்கிட்டதான். நாளைக்கு நீ வரலேன்னா சீட்டும் கெடையாது, ஆட்டமும் கெடையாது. வழி பூரா இவனுங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால வர முடியாது."

மூவரும் இறங்கினார்கள். கதவு மூடிக்கொண்டது.

கடைசி நிலையம்வரை போய்த் திரும்பினார். அந்த நேரத்தில் தெற்கே போகிறவர் யார்? பெட்டி முழுக்கக் காலி. மடியில் பையை வைத்து அதன்மேல் நான்கு கைக்குச் சீட்டுப் போட்டார். தன்னுடையதை எடுத்துப் பார்த்தார். வாள் ஏஸ். எதிர் இருக்கையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

ஹெர்லி வந்தது. எந்த வாடையும் இல்லை. எவாரிஸ்தோ சீட்டைக் கலைத்து மறுபடியும் போட்டார்.