ரத்னாவின் பூசணம்

மயிலாப்பூர்க் கல்லூரி ஒன்றில் ரத்னாவும் நானும் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர்கள். எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு வாக்கில் நடந்தது இது. ரத்னா பூசணம் வளர்த்தாள். ஆமாம், ஊறுகாயில் பிடித்தால் ஜாடியோடு தூக்கி எறிகிறோமே, அந்தச் சனியன்தான்.

ஆதம்பாக்கத்தில் ஒரு கிடங்குக்காரன் கெட்டுப்போன பூச்சிமருந்துப் பொடியைப் பொட்டலில் கொட்டியிருந்தான். புல்கூட முளைக்காத அந்த இடத்தில், மக்கிய சாக்கின் மேல் மட்டும் பச்சையாக ஏதோ படர்ந்திருந்ததை ரத்னா பார்த்துவிட்டாள். விஷத்தின் மேலேயே வாழ்கிறதென்றால் இது விஷத்தைத் தின்கிறது என்று அவளுக்குப் பட்டது. மருந்துப்பொடி கலந்த மண்ணைப் பாட்டில்களில் போட்டு, ஆய்வுக்கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் பூசணத்தை வளர்க்க ஆரம்பித்தாள்.

துறைத் தலைவர் சந்திரமௌலி சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“பூசணம் விஷத்தைத் தின்னுமாமே! ஆத்துல சொல்லிச் சிரிச்சுண்டிருந்தேன். பொங்கலுக்குள்ள நிரூபி. இல்லேன்னா ரூமைக் காலி பண்ணிடு.”

அதற்குள் ஆயுதபூஜை வந்தது. அட்டெண்டர் ஏகாம்பரம் அந்த அறையோடு சேர்த்து ஆய்வுக்கூடத்தையே கழுவிவிட்டார். லீவு முடிந்து வந்து பார்த்தால், ரத்னாவின் பாட்டில்கள் பளபளவென்று, சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக நிற்கின்றன.

“எல்லாம் பூசணம் புட்ச்சி நாறிக்கினு இருந்துச்சிம்மா. பினாயில் ஊத்தி நல்லா தேச்சி வெச்சிட்டேன்” என்றார் அவர், பெருமையாக.

ஐயோ! வளர்த்தது அத்தனையும் போச்சு.

“சரஸ்வதியே தீர்ப்பு சொல்லிட்டா” என்றார் சந்திரமௌலி.

“சரஸ்வதி பினாயில் ஊத்த மாட்டா, சார்” என்றாள் ரத்னா. அப்படியே கிளம்பி, ஆதம்பாக்கம் போக மாம்பலத்தில் ரயிலேறினாள்.

சாயங்காலம் அந்த மக்கிய சாக்கையே சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கைகள் இரண்டும் சிவந்து தடித்திருந்தன. “ரயில்ல ஒருத்தரும் பக்கத்துல உட்காரலடி. சௌகரியமா வந்தேன்” என்றாள். மறுபடி முதலிலிருந்து வளர்த்தாள். அறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பொங்கலுக்கு முன்னால் சந்திரமௌலியைக் கூப்பிட்டாள். மேஜையில் இரண்டு ஜாடிகள். இரண்டிலும் விஷம் கலந்த மண். ஒன்றில் மட்டும் பூசணம் வளர்ந்திருந்தது. முந்தின நாள் மீன் மார்க்கெட்டில் பிடித்த ஈக்களை இரண்டிலும் விட்டிருந்தாள். பூசணம் இல்லாத ஜாடியில் எல்லாம் மல்லாந்து கிடந்தன. இன்னொன்றில் ஒரே ரீங்காரம்.

அவர் குனிந்து பார்த்தார். ரத்னா அந்த ஜாடியின் மூடியைத் திறந்துவிட்டாள். ஒரு ஈ நேரே போய் அவர் மூக்கின் மேல் உட்கார்ந்தது. அவர் கையை ஓங்கினார்.

“அடிக்காதீங்க, சார். அதுதான் என் சாட்சி” என்றாள் ரத்னா. “ரூம் சாவி என்கிட்டயே இருக்கட்டும்.”