ஜெய்னுலாப்தீனின் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்

ராம்குமார் ஸ்டுடியோவுக்குள் வரும்போதே பையோடுதான் வந்தார். உள்ளே இருந்த பெட்டியை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தார். ஜெய்னுலாப்தீனுக்குப் பெட்டியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தூரத்து முகத்தைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற எழுபது-இருநூறு லென்ஸ். சீல் உடைக்காதது. பதினோரு வருஷமாக ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மதுரையிலிருந்து வாடகைக்கு எடுத்துவந்து, மறுநாள் பஸ் ஏறிக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கிற அதே லென்ஸ்.

"என்ன பாய், பாத்துக்கிட்டே நிக்கிறீய? உங்களுக்குத்தான்."

"எனக்கு எதுக்கு சார்?"

"மில்லுக்கு ஐம்பதாவது வருஷம் வருதுல்லா? ஆல்பம், வீடியோ எல்லாம் உங்க கையிலதான்னு மொதலாளி சொல்லிட்டாரு. சாமான் நல்லாருந்தாத்தான படம் நல்லாருக்கும்."

ராஜபாளையத்துக்கு வெளியே இருக்கும் ஒரு மருத்துவப் பஞ்சு மில்லுக்கு ராம்குமார் மேனேஜர். மணி ஒன்பது பத்து. பதினொன்றரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த மில் மேல் ஒரு விசாரணை. மேனேஜர் அங்கே போகாமல் போட்டோக்காரர் கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் சும்மா வந்திருக்க மாட்டார்.

"அதுக்கு முன்னால ஒரு சின்ன வேலை. நம்ம பழைய பூஜைப் படமெல்லாம் ஒரு டிஸ்க்குல வச்சிருக்கீயல்லா, அதக் குடுங்க. விழா மலர்ல போடணும்."

விழாவும் கிடையாது, மலரும் கிடையாது. இருவருக்கும் அது தெரியும்.

விஷயம் இதுதான். போன ஜூன் மாதம் சுடலைமாடத்தி என்கிற தொழிலாளிக்கு அந்த மில்லில் வலது கையில் மூன்று விரல் போனது. பஞ்சைச் சீவி விரிக்கிற கார்டிங் மெஷினின் உருளை இழுத்துக்கொண்டது. அந்த உருளைக்கு மேலே இரும்பு மூடி ஒன்று இருக்க வேண்டும். மூடி இருந்தது, சீக்கிரம் சுத்தம் செய்ய இவளே கழற்றினாள் என்கிறது நிர்வாகம். மூடியே இல்லாமல்தான் ரொம்ப நாளாக மெஷின் ஓடுகிறது என்கிறாள் அவள். உள்ளே வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் மறுநாள் கேட் திறக்காது. அவள் சொல்வதை நிரூபிக்காவிட்டால் மூன்று விரலுக்கும் அவளே பொறுப்பு என்று எழுதிக் கேஸை மூடிவிடுவார்கள்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டு நிறுத்துவார்கள். அதைப் படமெடுக்க ஜெய்னுலாப்தீனைத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே வேலை போய்விடுமே என்று பயப்படாத சாட்சி ஒன்று பாக்கி இருந்தது. அது அவருடைய டிஸ்க்.

ஜெய்னுலாப்தீனின் பையைப் பார்த்துக் கல்யாண மண்டபத்தில் மற்ற போட்டோகிராபர்கள் சிரிப்பார்கள். வெளிச்சத்தைத் திருப்பிவிட, சமையலறை அலுமினியத் தாள் ஒட்டிய தெர்மாகோல். லென்ஸ் துடைக்க, பக்கத்து ஊரான சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி, வெந்நீரில் இரண்டு தடவை அலசியது. அதைவிட மெத்தென்று எந்தக் கம்பெனித் துணியும் இல்லை என்பார். மழைக்கு, குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பி. பின்திரை கட்டத் துணிக் கிளிப் ஒரு டஜன். படத்தில் வெள்ளை வெள்ளையாக விழ வேண்டுமானால் முதலில் கேமராவுக்கு ஒரு வெள்ளையைக் காட்ட வேண்டும். அதற்கென்றே ஒரு அட்டை விற்கிறது. அதை அவர் வாங்கினதே இல்லை. எந்த இடத்திலும் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். அதைக் கழற்றி யார் கையிலாவது கொடுத்து, அந்தத் தாளைத்தான் முதல் படமாக எடுப்பார்.

இப்படிக் கஞ்சம் பிடிக்கிறவர் மூன்று சாமானில் மட்டும் ஒரு பைசா குறைக்க மாட்டார். பேட்டரி ஒரிஜினல். மெமரி கார்டு ஒரிஜினல். ஹார்ட் டிஸ்க் இரண்டு. எல்லாப் படமும் இரண்டிலும் ஏறும். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். தீயும் திருடனும் ஒரே நாளில் இரண்டு தெருவுக்கு வரமாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை. வீட்டில் இருப்பது ராம்குமாருக்குத் தெரியாது.

"வக்கீலம்மா வந்து உங்களப் பாத்தாங்களாமே?" என்றார் ராம்குமார்.

"பாத்தாங்க."

"என்ன சொன்னீய?"

"தேடிப் பாக்குறேன்னு சொன்னேன்."

"கெடைக்கலன்னு சொல்லிருங்க." ராம்குமார் குரலைத் தாழ்த்தினார். "பாய், நமக்குள்ள பேசுவோம். அந்த மூடிய மொதமொதல்ல கழட்டச் சொன்னது யாரு? நானா? மொதலாளியா?"

ஜெய்னுலாப்தீன் பேண்டேஜ் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கவுண்டரைத் துடைத்தார்.

"படம் வெளிய வந்தா உங்க பேரும் சேந்துதான் வரும். எங்களுக்கு வக்கீல் இருக்காரு. உங்களுக்கு யாரு இருக்கா?"

போன வாரம் சுடலைமாடத்தியின் வக்கீல் ஸ்ரீஜா வந்து பூஜைப் படங்களைக் கேட்டுவிட்டுப் போன பிறகு அவர் படங்களைத் திறந்து பார்த்தார். 2023 பூஜைக்குப் போனபோது உருளை மேல் மூடி இருந்தது. எண்ணெய் பிடித்த கறுத்த தகடு. பளபளக்கிற உருளையை அது மறைத்தது. "படம் செத்துப்போயிரும் சார், அதக் கழட்டச் சொல்லுங்க" என்று சொன்னவர் இவர்தான். மில்லின் பிட்டர் வந்து நான்கு போல்ட்டைக் கழற்றி மூடியைச் சுவரோரம் சாய்த்தார். படம் பிரமாதமாக வந்தது. இன்றைக்கும் முதலாளி அறையில் பெரிதுபண்ணி மாட்டியிருக்கிறார்கள். மறுநாள் மூடியை யாரும் திரும்ப மாட்டவில்லை. மூடி இல்லாவிட்டால் மெஷினை நிறுத்தாமலே பஞ்சுத் தூசியைக் கையால் எடுத்துவிடலாம். நிறுத்தாமல் ஓடினால் உற்பத்தி கூடும். நிர்வாகத்துக்கு அது இனித்தது.

ஜெய்னுலாப்தீனின் கை மேஜை டிராயருக்குள் போயிற்று. டிஸ்க்கை எடுத்து நீட்டியது. ராம்குமார் அதைச் சட்டைப் பையில் போட்டு, இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டு எழுந்தார்.

"நல்ல மனுஷன் பாய் நீங்க."

அவர் கார் நகர்ந்ததும் ஜெய்னுலாப்தீன் பெட்டியின் சீல் மேல் நகத்தை வைத்தார். பதினோரு வருஷ ஆசை. நகம் அங்கேயே நின்றது. பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்துக் கடையை அடைத்தார்.

வீட்டில் மனைவி நூர்னிசா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கடை தொறந்து ரெண்டு மணி நேரம் ஆகல. என்ன திரும்பி வந்துட்டீய? கையில என்ன அது?"

"லென்ஸு."

"எந்த லென்ஸு? தூக்கத்துலகூடச் சொல்லுவீயளே, அதுவா?"

"அதான். ராம்குமார் குடுத்தாரு. நான் டிஸ்க்கக் குடுத்துட்டேன்."

"கடையில உள்ளதத்தான குடுத்தீய?"

"ஆமா."

"நம்ம வீட்டுல ஒண்ணு கெடக்குறது அவியளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ரெண்டாவது ஒண்ணு எதுக்கு, அந்தக் காசுக்கு ஒரு மிக்ஸி வாங்கலாமேன்னு அன்னைக்கு நான் எம்புட்டுக் கத்துனேன். இப்பத்தான் தெரியுது எதுக்குன்னு." அவள் உள்ளே போனாள்.

"நூரு, அத எடுத்துட்டுப் போனா எம் பேரும் வரும்."

"வரட்டும். கடைப் போர்டுல ஏற்கெனவே பெருசாத்தான எழுதி வச்சிருக்கீய?"

ஈரம் ஏறாமலிருக்க மாத்திரை டப்பாக்களில் வருகிற சின்னப் பொட்டலங்களைப் போட்டு, மூடி இறுகிய ஒரு எவர்சில்வர் தூக்குச் சட்டியில் டிஸ்க்கை வைத்திருந்தார்கள். நூர்னிசா தூக்கோடு கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். டிஸ்க்கோடு இரண்டு கேபிள், ரப்பர் பேண்டு போட்டு.

"அந்தப் பிள்ளைக்கு மூணு விரலு போயிருக்கு. உங்களுக்குப் பேருதான போகும்? கெளம்புங்க, மணி பத்தே கால் ஆயிருச்சு."

பஸ் பழைய பஸ் ஸ்டாண்டை விட்டு நகரவே மாட்டேன் என்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒருவழியாகக் கிளம்பினபோது மணி பத்து ஐம்பது. மடியில் தூக்கு, காலுக்கிடையில் லென்ஸ் பை. ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கும்போது போன் அடித்தது. ராம்குமார்.

"பாய், கடை பூட்டிக் கெடக்குன்னு நம்ம பையன் சொல்லுதான்?"

"ஒரு வேலையா வெளிய வந்தேன் சார்."

"எங்க?"

வாயில் எது வந்திருக்குமோ தெரியாது. அதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டுக் கத்தினார்: "ஸ்ரீவில்லிபுத்தூரு கோர்ட்டு எறங்குறவுக முன்னால வாங்க!"

ராம்குமாரின் குரல் இறங்கியது. "எதுக்கு வாரீய பாய்? சும்மாத்தான வாரீய?"

ஜெய்னுலாப்தீன் போனை அணைத்துவிட்டு இறங்கினார்.

விசாரணை அறையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது. சின்ன அறை. ஒரு மேஜை, அதற்குப் பின்னால் அதிகாரி. ஒரு பக்கம் நிர்வாகத்தின் வக்கீலும் ராம்குமாரும். மறுபக்கம் ஸ்ரீஜாவும் சுடலைமாடத்தியும். சுடலைமாடத்தி வலது கையைச் சேலை முந்தானைக்குள் வைத்திருந்தாள். மில்லின் வக்கீல் முடிக்கிற இடத்துக்கு வந்திருந்தார்.

"பாதுகாப்பு மூடி எப்பவும் இருந்திருக்கு. அதுக்கு மாறா ஒரு துண்டு ஆதாரம் எதிர்த்தரப்பில இல்ல. அதனால..."

"இருக்கு சார்" என்று கதவருகில் நின்று சொன்னார் ஜெய்னுலாப்தீன்.

ராம்குமாரின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போயிற்று. அந்த டிஸ்க் அங்கேதான் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தூக்கை வெறித்தார்.

ஸ்ரீஜாவின் லேப்டாப்பில் டிஸ்க்கைச் சொருகினார்கள். டிஸ்க்கின் விளக்கு எரியவில்லை. பிடுங்கி மறுபடி சொருகினார்கள். எரியவில்லை.

"டிஸ்க் போயிருச்சு போலிருக்கே" என்றார் மில் வக்கீல், சிரிப்பை அடக்காமல்.

ஜெய்னுலாப்தீன் ரப்பர் பேண்டிலிருந்து இரண்டாவது கேபிளை உருவினார். விளக்கு எரிந்தது. ஸ்ரீஜா 'மில் பூஜை 2024' என்ற போல்டரைத் திறந்தாள். படம் திரையில் விரிந்தது. மாலை போட்ட மெஷின். மூடி இல்லை. போல்ட் இருக்க வேண்டிய நான்கு துளையிலும் பஞ்சுத் தூசி எண்ணெயோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது. அதன் மேலேயே யாரோ அழகாகச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

"கம்ப்யூட்டர்ல தேதிய எப்படி வேணும்னாலும் மாத்தலாம்" என்றார் மில் வக்கீல். "இது பத்து வருஷத்துக்கு முந்தின படமா இருக்கலாம்."

"மொத படத்தத் தொறங்கம்மா" என்றார் ஜெய்னுலாப்தீன்.

ஸ்ரீஜா திறந்தாள்.

திரையில் ஒரு தினசரி காலண்டர். 2024 அக்டோபர் 11, வெள்ளி. அதை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறவள் சுடலைமாடத்தி. முதுகுக்குப் பின்னால் அதே மெஷின், மூடியில்லாத உருளை. காலண்டரின் இரண்டு ஓரத்திலும் அவள் விரல்கள். பத்தும் இருந்தன.

அதிகாரி திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"படத்துக்காக அன்னைக்கு மட்டும் கழட்டியிருப்பாங்க" என்றார் மில் வக்கீல். குரல் முன்போல் இல்லை.

"கழட்டுனது உண்டு சார். ஆனா அந்த வருஷம் இல்ல." ஜெய்னுலாப்தீன் மேஜையருகே ஒரு எட்டு முன்னால் வந்தார். "அதுக்கு முந்தின வருஷப் பூஜைக்குக் கழட்டுனாக. கழட்டச் சொன்னது நான்தான். படம் நல்லா வரணும்னு சொன்னேன். அந்தப் படமும் இதுலதான் இருக்கு, மூடி செவத்துல சாஞ்சு கெடக்கும். 2024-ல நான் போறப்போ கழட்டுறதுக்கு மூடியே இல்ல. அந்தத் துளையப் பாருங்க, ஒரு நாள்ல அடையுற தூசியா அது?"

"கழட்டச் சொன்னது நீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?" என்றார் அதிகாரி.

"போடுறேன் சார்."

அதிகாரி டிஸ்க்கை வாங்கிக்கொண்டு ரசீது எழுதினார். ராம்குமாரைப் பார்த்து, "மூடியத் திரும்ப மாட்டினதுக்கு மில்லுல ரெக்கார்ட் இருந்தா அடுத்த வாய்தாவுக்குள்ள கொண்டுவாங்க" என்றார். ராம்குமார் தலையாட்டினார். அப்படி ஒரு ரெக்கார்ட் கிடையாது என்பது அவர் ஆட்டின விதத்திலேயே தெரிந்தது.

ஜெய்னுலாப்தீன் லென்ஸ் பையை ராம்குமார் உட்கார்ந்திருந்த பெஞ்சில் வைத்தார்.

"சீலு உடைக்கல சார். பாத்துக்கிடுங்க."

"இனிமே மில் பக்கம் வந்துராதீய" என்றார் ராம்குமார், அவரைப் பார்க்காமலே.

வெளியே வேப்பமரத்தடியில் சுடலைமாடத்தி நின்றிருந்தாள். அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் தாண்டவில்லை.

"மூடியக் கழட்டச் சொன்னது நீங்களா பாய்?"

"ஆமா தாயி."

"அன்னைக்கு நான் பக்கத்துலதான் நின்னேன். எங் காதுல விழல." முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். "பொறவு மாட்டச் சொல்லலையே நீங்க."

ஸ்ரீஜா உள்ளேயிருந்து கூப்பிட்டாள், அடுத்த வாய்தாத் தேதியைக் குறித்துக்கொள்ள. சுடலைமாடத்தி இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்தக் காலண்டர் படம், வேற எதுலயும் இருக்கா? இல்ல அவிய வாங்கி வச்சதோட போச்சா?"

"ஒண்ணு ஆபீசர்ட்ட இருக்கு, ஒண்ணு ராம்குமாரு பையில இருக்கு. ஆபீசர்ட்ட எழுதிக் குடுத்துக் காப்பி வாங்கித் தாரேன்."

"எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. கலியாணத்துக்கு எடுத்ததெல்லாம் மழையில போயிருச்சு. கை முழுசா இருக்கிற படம் எங்கிட்ட வேற இல்ல."

ஜெய்னுலாப்தீன் வெறும் தூக்கை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"என்ன சைஸு போடட்டும் தாயி?"

"பெருசா" என்றாள்.