கோடு பார்த்து எடுத்த மீன்

அலங்கார மீன் வியாபாரத்தில் மீனைவிட வாய்தான் அதிகம் விற்கும். வாயால் கெட்ட கடைக்காரர்கள் உங்களிலும் இருப்பார்கள், ஆகவே வெட்கப்படாமல் சொல்கிறேன்.

சோடி தேடின மாமி

சாய்ந்தமருது மாமி ஒருவர், மகளின் கல்யாண வீட்டுத் தொட்டிக்கு லோச் குஞ்சு இரண்டு கேட்டு வந்தார். தொட்டியின் அடியிலேயே திரியும் மீசை மீன் அது. குஞ்சில் உடம்பெல்லாம் கவட்டைத் தடி மாதிரிக் கறுப்புக் கோடுகள். "ரெண்டும் ஒரே அச்சில இரிக்கணும் தம்பி" என்றார். அல்லாஹ்வே! முப்பது குஞ்சும் ஓரிடத்தில் நின்றால்தானே? பிடித்துக் காட்டினால் கன்னத்து முள் வலையில் மாட்டும். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தவர், பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போதுதான் ஒரு சோடியை ஒத்துக்கொண்டார். "இந்தக் கோடு கைரேகை மாதிரி, சாகும்வரைக்கும் மாறாது" என்று நான் வேறு அளந்துவிட்டேன். மாமி பையைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "மாப்புள பாக்கக்குள்ளயும் நான் இவ்வளவு மினக்கெடல்ல தம்பி."

சாய்ந்து கிடந்தது

கத்தாருக்கு டிரைவராகப் போகவிருந்த, அண்ணன் முறைக்கு நான் காக்கா என்று கூப்பிடும் நௌபரும் அதே குஞ்சுகளில் ஒன்றைக் கோடு பார்த்து எடுத்து, போனில் படமும் பிடித்துக்கொண்டார். அவருடைய வீடு கட்டி முடியவில்லை. "நான் வாறவரைக்கும் இது உங்கட்ட அமானிதம், பத்திரமா வெச்சித் திருப்பித் தரணும்" என்று என்னிடமே விட்டுப் போனார். ஒரு மாதத்தில் வீடியோ கோல். மீனைக் காட்டினால், அது பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. மனுஷன் மவுத்துச் செய்தி கேட்டதுபோல "இன்னாலில்லாஹி" என்று தொடங்கிவிட்டார். லோச் தூங்குவதே அப்படித்தான். கண்ணாடியில் தட்டினேன், எழும்பி ஓடியது. காக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது: "நான் இஞ்ச நாலு மணித்தியாலம் தூங்கிறன், இவர் அங்க பகல்லயும் படுக்கிறாரா?"

அமானிதம்

பிறகு கோல் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து ஆளே வந்தார். மீன் இரட்டிப்பாக வளர்ந்திருந்தது. கோடுகள் உடைந்து, பின்னி, வலை மாதிரி ஆகியிருந்தன. தினமும் பார்த்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. காக்கா படத்தை மீனுக்குப் பக்கத்தில் பிடித்தார். "இது என்ட மீனில்ல. அமானிதத்த மாத்திட்டீங்க." கடையில் நாலு பேர் நின்றார்கள். எங்கள் ஊரில் மீன் செத்தால் மன்னிப்பார்கள். அமானிதம் தின்றவன் என்று பெயர் வந்தால் கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

சட்டென்று மாமியின் சோடி ஞாபகம் வந்தது. காக்காவை மோட்டார் சைக்கிளில் ஏற்றி நேரே சாய்ந்தமருதுக்கு விட்டேன். மாமி வீட்டுத் தொட்டியிலும் இரண்டு மீனின் கோடுகளும் வலையாகத்தான் இருந்தன, அதுவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல். காக்கா படத்தைப் பார்த்தார், மீன்களைப் பார்த்தார், என் தோளில் கை போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "கோடு மாறினதுக்கு நீங்க ஏன் மாமி சண்டைக்கு வரல்ல?" என்று கேட்டேன். உள்ளே மருமகன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மாமி குரலைத் தாழ்த்தினார்: "ஊட்டுக்கு எடுத்த மாப்புளயே ரெண்டு வருஷத்தில ஆள் மாறிட்டார், மீனுக்கா தம்பி சண்டைக்கு வாறது?"

இப்போது கோடு மாறும் என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். எல்லோரும் "ஓம் ஓம்" என்று தலையாட்டிவிட்டு, மஃரிப் வரைக்கும் நின்று கோடு பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.