மீன் மாதிரியேதான் இருக்குமாம்

அக்கா இறந்து மூன்று மாதம் ஆகிறது. நேற்று அத்தான் செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவர், "வேற கிரகத்துல தண்ணி இருந்தா, அங்க உருவாகுத உசுரும் மீனு மாதிரியேதான் இருக்குமாம்" என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். இதை ஏன் என்னிடம் சொல்கிறார் என்று சந்தேகம் வந்தது. அக்காவும் நானும் ஒரே அச்சு, என்னையே அத்தானுக்குக் கட்டி வைத்துவிடலாம் என்று அவர் அம்மா இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சின்ன வயதில் சீவலப்பேரி ஆற்றில் குளிக்கும்போது என் காலை ஏதோ சுற்றியது. வழுவழுவென்று இருந்தது. சேற்று வாடை வேறு. பாம்பு என்று அலறினேன். துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா ஓடிவந்து அதை அள்ளிப் பிடித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏட்டி, இது விலாங்கு மீனுல்லா!"

"பாம்பு மாதிரியே இருக்கே?"

"சகதிக்குள்ள நுழையணும்லா, அதான் நீளமா இருக்கு. அதுக்காவ பாம்பாயிருமா?"

அவள் பேசி முடிப்பதற்குள் அது நழுவி ஓடிவிட்டது. அதற்கும் சிரித்தாள்.

அத்தான் என் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"பாக்கதுக்கு மீனு மாதிரி இருக்கும் அத்தான். ஆனா அது வேற உசுரு" என்றேன். "உங்கம்மாட்ட நீங்களே சொல்லிருங்க."